மின்சாரத்துக்குத் திட்டம் தீட்டிய மேதை
டாக்டர் அம்பேத்காரின் வாழ்க்கையில் பலர் அறியாத பகுதி

சென்னையில் இருந்து மேற்கே சுமார் 25 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது, செம்பரம்பாக்கம். அங்குள்ள பெரிய ஏரியைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் சென்னையில் இல்லை. பட்டணத்து மக்கள் குடிக்கும் தண்ணீரில் ஒரு பகுதி அந்த ஏரியில் இருந்துதான் வருகிறது.

ஏரியைத் தாண்டிப் போனால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று ஊர்கள். ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த சீமை இது. இன்று கார்களும், கார்களுக்கு வேண்டிய உறுப்புகளும் செய்கிற தொழிற்சாலைகள் நிறைந்து இருக்கின்றன. ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் அங்கே வேலை செய்கிறார்கள்.

அந்த எந்திரங்களை ஓட்டும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிகிறது. நீலகிரி மலையில் இருந்து தண்ணீர் விழுகிறது. கூடங்குளத்தில் அணு உலை இருக்கிறது. ஆரல்வாய்மொழியில் காற்று வீசுகிறது. இத்தனை இடங்களில் பிறக்கும் மின்சாரமும் கம்பிகளில் ஒன்று கலக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் உள்ள 4 லட்சம் வோல்ட் துணை மின்நிலையமும் அந்தப் பெரிய வலையில் ஒரு கண்ணி.

மின்சாரத்தை இப்படி ஒன்றாக இணைக்க வேண்டும், அதைச் சர்க்கார் திட்டம் போட்டுச் செய்ய வேண்டும், அது மலிவாக இருக்க வேண்டும் என்று வெள்ளைக்காரர் ஆண்ட காலத்திலேயே டெல்லியில் ஒருவர் வேலையைத் தொடங்கினார். அவரைச் சட்ட மேதை என்று நாடே அறியும். ஆனால், மின்சார இலாகாவும் 4 ஆண்டு காலம் அவர் கையில் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

அவர்தான் டாக்டர் அம்பேத்கார்.

கோணித்துணியில் உட்கார்ந்தார்

பீமராவ் ராம்ஜி அம்பேத்கார் 1891-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந்தேதி, மத்திய இந்தியாவில் மாவ் என்ற ராணுவ ஊரில் பிறந்தார். மராட்டியக் குடும்பம். தந்தை ராம்ஜி, பட்டாளத்தில் சுபேதார். அவருடைய 14 குழந்தைகளில் கடைசிக் குழந்தை அம்பேத்கார். சிறு வயதிலேயே தாயை இழந்தார்.

தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட மகர் சமூகத்தில் பிறந்தவர் அவர். சதாராவில் பள்ளிக்கூடம் போனபொழுது, மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து உட்காரக் கூடாது. வீட்டில் இருந்து ஒரு கோணித்துணி கொண்டு போவார். அதை விரித்துத் தனியே உட்காருவார்.

தாகம் எடுத்தால் குழாயைத் தொடக்கூடாது. பள்ளிக்கூடத்துச் சேவகன் வந்து திறந்து விட வேண்டும். சேவகன் வராத நாளில் தண்ணீர் கிடையாது. குழாய் இருந்தது. குழாயில் தண்ணீரும் இருந்தது. ஆனால், அந்தச் சிறுவனுக்கு அது எட்டவில்லை.

பிறகு குடும்பம் பம்பாய்க்குக் குடியேறியது. தொழிலாளர்கள் வாழும் பரேல் பகுதியில் ஒரே ஒரு அறை. அதுதான் சமையல் கட்டு, அதுதான் படுக்கை அறை, அதுதான் படிக்கும் இடம். சத்தம் அடங்கிய பிறகுதான் பையன் படிக்க முடியும். தகப்பனார் நடுச்சாமம் வரை விழித்து இருந்து மகனை எழுப்பி விடுவார். மண்ணெண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியில் அம்பேத்கார் படித்தார். புத்தகம் வாங்கப் பணம் இல்லாதபொழுது, கட்டிக்கொடுத்த பெண்களிடம் போய் நகையைக் கேட்டு வாங்கி, அதை அடகு வைத்துப் புத்தகம் வாங்கி வந்தார் தகப்பனார்.

மகன் அதை வீணாக்கவில்லை. 1912-ல் பி.ஏ. தேறினார். பரோடா மகாராஜா கொடுத்த உதவித் தொகையில் 1913-ம் ஆண்டு அமெரிக்கா சென்றார். நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார். பிறகு லண்டன் சென்றார்.

பட்டம் பெற்றும் வீடு இல்லை

உதவித் தொகை முடிந்ததும் 1917-ல் ஊர் திரும்பினார். படிக்க வைத்த பரோடாவில் உத்தியோகம். ஆனால், குடி இருக்க யாரும் வீடு கொடுக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் தங்கினார். இவர் யார் என்று தெரிந்ததும் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். அலுவலகத்தில் சேவகர்கள் காகிதக் கட்டுகளைக் கையில் கொடுக்காமல் தூர நின்று மேஜை மீது எறிந்தார்கள்.

அம்பேத்கார் பரோடாவை விட்டுப் பம்பாய் திரும்பினார். அங்கே கல்லூரியில் பேராசிரியர் ஆனார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, மீண்டும் லண்டன் போய்ப் படிப்பை முடித்தார். 1923-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பாரிஸ்டரும் ஆனார்.

இதற்கு நடுவே 1918-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியாவில் நிலம் துண்டு துண்டாக இருப்பதால்தான் விவசாயம் முன்னேறவில்லை என்று அப்பொழுது பலர் கூறி வந்தார்கள். அம்பேத்கார் வேறு விதமாகச் சிந்தித்தார். நிலத்தை நம்பி வாழும் கூட்டம் மிக அதிகம். அதில் பலருக்கு ஆண்டு முழுவதும் வேலை இல்லை. அவர்களுக்கு வேறு தொழில் கொடுத்தால்தான் நிலத்தின் பாரம் குறையும். ஆகவே, தொழிற்சாலைகள் பெருகுவதே விவசாயத்துக்கும் மருந்து என்பது அவருடைய முடிவு.

தொழிற்சாலை வேண்டுமானால் எந்திரம் வேண்டும். எந்திரம் ஓட வேண்டுமானால் மின்சாரம் வேண்டும். 1918-ல் எழுதியதைச் செய்து காட்டும் வாய்ப்பு அவருக்கு 24 ஆண்டுகள் கழித்து வந்தது.

டெல்லியில் பதவி

1942-ம் ஆண்டு. இரண்டாம் உலகப் போர் நடந்து கொண்டு இருந்தது. அந்த ஆண்டு ஜூலை மாதம் வைசிராயின் நிர்வாக சபையில் அம்பேத்கார் உறுப்பினர் ஆனார். இன்றைய மத்திய மந்திரி பதவி போன்றது அது. அவருக்குக் கிடைத்தது தொழிலாளர் இலாகா.

பெயர்தான் தொழிலாளர் இலாகா. அதற்குள் சுரங்கம், பொதுப்பணி, பாசனம், மின்சாரம் எல்லாம் அடங்கி இருந்தன.

அப்பொழுது நாட்டில் மின்சாரம் எப்படி இருந்தது? 1910-ம் ஆண்டுச் சட்டப்படி, ஊருக்கு ஊர் கம்பெனிகளுக்கு லைசென்சு கொடுத்து வந்தார்கள். கம்பெனிக்காரர்கள் லாபம் வரும் இடத்தில் கம்பி இழுத்தார்கள். பட்டணத்துக் கடைத்தெருவில் விளக்கு எரியும். பக்கத்துக் கிராமத்தில் இருட்டு. ஒரு ஊர் மின்சாரம் ஒரு வகை, அடுத்த ஊர் மின்சாரம் வேறு வகை. இரண்டையும் இணைக்க நினைத்தாலும் பல இடங்களில் முடியாது.

சில மாகாணங்கள் முந்திக் கொண்டன. சென்னை மாகாணம் அவற்றில் ஒன்று. நீலகிரியில் 1932-ல் பைகாரா நீர்மின் நிலையத்தை சர்க்காரே தொடங்கியது. 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம் என்று அடுத்தடுத்து வந்தன. இவற்றின் கம்பிகளையும் ஒன்றோடு ஒன்று இணைத்தார்கள். பைகாரா மின்சாரத்தால் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. ஆனால், சென்னை நகரத்தில் 1947 வரை மின்சாரம் ஒரு தனிக் கம்பெனி கையில்தான் இருந்தது.

ஏரியும் மின்சாரமும்

இணைப்பதால் என்ன லாபம்? செங்கற்பட்டுச் சீமை விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அங்கே ஏரிகள் தொடர் தொடராக இருக்கும். மேல் ஏரி நிரம்பினால், தண்ணீர் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்கு இறங்கும். அது நிரம்பினால் அடுத்த ஏரிக்குப் போகும். மிஞ்சிய இடத்துத் தண்ணீர், பற்றாத இடத்துக்குப் போய்ச் சேரும். கால்வாய் தூர்ந்து போனால் மேல் ஏரித் தண்ணீர் வீணாகும். கீழ் ஏரி வற்றிக் கிடக்கும்.

மின்சாரமும் அப்படித்தான். ஒரு ஊருக்கு ஒரே நிலையம் என்று இருந்தால், எந்திரம் பழுதானதும் ஊர் இருண்டு விடும். பல நிலையங்களைக் கம்பியால் இணைத்து விட்டால், ஒன்று நின்றாலும் மற்றது கைகொடுக்கும். மழைக் காலத்தில் நீர்மின்சாரம் மிஞ்சும். கோடையில் நிலக்கரி மின்சாரம் உதவும்.

ஒரு வித்தியாசம் உண்டு. தண்ணீரை ஏரியில் தேக்கி வைக்கலாம். மின்சாரத்தைப் பெரிய அளவில் தேக்கி வைக்க அந்தக் காலத்தில் வழி இல்லை. பிறந்த அந்த நொடியிலேயே அது செலவாக வேண்டும். ஆகவே, ஏரிக்குக் கால்வாய் எவ்வளவு அவசியமோ, மின்சாரத்துக்கு இணைப்புக் கம்பி அதைவிட அவசியம்.

இங்கிலாந்து இதை முன்பே செய்து விட்டது. 1926-ல் சட்டம் செய்து, சிதறிக் கிடந்த மின்நிலையங்களை இணைக்க நாடு முழுவதும் கம்பி இழுத்தார்கள்.

மூன்று கேள்விகள்

1943-ம் ஆண்டு அக்டோபர் 25-ந்தேதி டெல்லியில் ஒரு கூட்டம் நடந்தது. போர் முடிந்த பிறகு மின்சாரத்தை எப்படிப் பெருக்குவது என்று ஆலோசிக்கும் கூட்டம். தலைமை வகித்தவர் அம்பேத்கார்.

அவர் முக்கியமாக மூன்று பிரச்சினைகளை முன்வைத்தார்.

மின்சாரம் தனியார் கையில் இருப்பதா, சர்க்கார் கையில் இருப்பதா?

மாகாணங்கள் மட்டும் பார்த்துக் கொள்வதா, மத்திய சர்க்காரும் பொறுப்பு ஏற்பதா?

மக்களுக்கு மலிவாகவும் ஏராளமாகவும் கிடைக்க எது நல்ல வழி?

மின்சாரம் எதற்கு என்பதையும் அவர் விளக்கினார். தொழில் பெருக மின்சாரம் வேண்டும். தொழில் பெருகினால்தான் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் வறுமையில் இருந்து மக்கள் விடுபட முடியும். அவர் பார்வையில் மின்சாரம் என்பது பணக்காரர் வீட்டு அலங்கார விளக்கு அல்ல. ஏழையைக் கரையேற்றும் கருவி.

எந்திரமே வேண்டாம், பழைய கிராம வாழ்க்கையே போதும் என்று சிலர் பேசிய காலம் அது. அம்பேத்கார் அதை ஏற்கவில்லை. காலை முதல் இரவு வரை மாடு போல் உழைக்கிறவனுக்குப் படிக்க நேரம் ஏது? சிந்திக்க நேரம் ஏது? எந்திரம் பாரத்தைச் சுமந்தால் மனிதனுக்கு ஓய்வு கிடைக்கும். ஓய்வு கிடைத்தால் அறிவு வளரும் என்பது அவருடைய கருத்து.

பேச்சோடு நிற்கவில்லை

1944-ல் மத்திய தொழில்நுட்ப மின்சார போர்டு என்ற அமைப்பை அவருடைய இலாகா ஏற்படுத்தியது. எந்த ஆற்றில் எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம், எங்கே நிலையம் வைக்கலாம் என்று ஆராய்ந்து திட்டம் போடுவது அதன் வேலை. அடுத்த ஆண்டு, ஆறுகளுக்கு என்று தனியாக ஒரு மத்திய கமிஷன் ஏற்பட்டது.

அந்த நாளில் வங்காளத்தை வாட்டிய ஆறு தாமோதர். 1943-ல் அது கரையை உடைத்துக் கொண்டு பாய்ந்தது. ரெயில் பாதையும் பெரிய சாலையும் அறுந்தன. வெள்ளத்தைத் தடுக்க ஒரு அணை கட்டினால் போதும் என்று இலாகா விட்டுவிடவில்லை. வெள்ளமும் அடங்க வேண்டும். வயலுக்குத் தண்ணீரும் வேண்டும். மின்சாரமும் கிடைக்க வேண்டும் என்று ஒரே திட்டமாக வகுத்தார்கள். அமெரிக்காவில் டென்னசி ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1933 முதல் இப்படிச் செய்து காட்டி இருந்தார்கள். 1945 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த மகாநாட்டில் அம்பேத்காரே தலைமை வகித்துப் பேசினார். அந்தத் திட்டம்தான் 1948-ல் தாமோதர் பள்ளத்தாக்கு கார்ப்பரேஷன் ஆயிற்று.

எந்திரம் வந்தால் போதாது, அதை ஓட்டுகிறவனும் மனிதனாக வாழ வேண்டும் அல்லவா? ஆலைத் தொழிலாளர்கள் அப்பொழுது வாரத்துக்கு 54 மணி நேரம் உழைக்க வேண்டி இருந்தது. அம்பேத்காரின் இலாகா கொண்டு வந்த திருத்தத்தால் 1946-ல் அது 48 மணி நேரமாகக் குறைந்தது.

சட்டம் வந்தது

1946-ல் அந்த நிர்வாக சபை மாறியது. அம்பேத்கார் பதவியை விட்டு இறங்கினார். மறு ஆண்டு சுதந்திரம் வந்தது. நேரு மந்திரி சபையில் அம்பேத்கார் சட்ட மந்திரி ஆனார். அரசியல் சட்டத்தை எழுதும் குழுவுக்குத் தலைவரும் ஆனார்.

மின்சார இலாகா அப்பொழுது காட்கில் என்ற மந்திரியிடம் இருந்தது. அவர் கொண்டு வந்த மின்சார வழங்கல் சட்டம் 1948-ல் நிறைவேறியது. டெல்லியில் மத்திய மின்சார ஆணையம் ஏற்பட அது வழி செய்தது. மாநிலத்துக்கு மாநிலம் மின்சார வாரியம் அமைக்கவும் வழி செய்தது. மின்சாரம் இல்லாத பகுதிக்கு மின்சாரம் கொண்டு போவதை வாரியத்தின் கடமையாகவே ஆக்கியது.

இது ஒருவர் தனியாகச் செய்த வேலை அல்ல. எத்தனையோ என்ஜினீயர்களும் அதிகாரிகளும் பாடுபட்டார்கள். ஆனால், 1943-ல் அம்பேத்கார் முன்வைத்த கேள்விகளுக்கு அந்தச் சட்டத்தில் விடை இருந்தது. அரசியல் சட்டத்திலும் மின்சாரம் பொதுப் பட்டியலில் இடம் பெற்றது. அதாவது, மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் அதைப் பற்றிச் சட்டம் செய்யலாம்.

1951-ல் அம்பேத்கார் மந்திரி பதவியைத் துறந்தார். 1956 அக்டோபரில் பவுத்தம் தழுவினார். அதே ஆண்டு டிசம்பர் 6-ந்தேதி டெல்லியில் காலமானார். வயது 65.

அவர் இறந்து 7 மாதம் கூட ஆகவில்லை. 1957 ஜூலை 1-ந்தேதி சென்னை மாநில மின்சார வாரியம் பிறந்தது. கவலையும் ஏற்றமும் இறைத்த கிணறுகளுக்கு மின்சார மோட்டார் வந்தது. கிராமத்துத் தெருக்களில் விளக்கு எரிந்தது.

எத்தனை வளர்ச்சி!

சுதந்திரம் வந்த 1947-ல் இந்தியா முழுவதும் இருந்த மின்நிலையங்களின் மொத்தத் திறன் 1,362 மெகாவாட். 2024-ம் ஆண்டு மே 2-ந்தேதி தமிழ்நாட்டுக்கு மட்டும் தேவைப்பட்ட மின்சாரம் 20,830 மெகாவாட். அன்று நாடு முழுவதற்கும் இருந்ததைப் போல 15 மடங்கு!

ஆனாலும், இணைப்பு வேலை லேசில் முடியவில்லை. 2012-ல் தமிழ்நாடு கடும் மின்வெட்டில் தவித்தது. கிராமங்களில் பாதி நாள் மின்சாரம் இல்லை. சிறு பட்டறைகள் மூடிக் கிடந்தன. வடக்கே விலைக்கு வாங்க மின்சாரம் இருந்தது. கொண்டு வரப் போதிய கம்பிப் பாதை இல்லை. மேல் ஏரியில் தண்ணீர் இருந்தும் கால்வாய் குறுகலாக இருந்த கதைதான்!

2013 டிசம்பர் 31-ந்தேதி அந்தக் குறை தீரத் தொடங்கியது. கர்நாடகத்தில் உள்ள ராய்ச்சூரையும், மராட்டியத்தில் உள்ள சோலாப்பூரையும் 7 லட்சத்து 65 ஆயிரம் வோல்ட் கம்பி இணைத்தது. தென்னாட்டு மின்சாரமும் வடநாட்டு மின்சாரமும் ஒன்றாயின.

இணைப்பில் ஆபத்தும் உண்டு. 2012 ஜூலை 30, 31 ஆகிய இரண்டு நாட்கள் வட இந்தியாவில் இணைப்பு நிலைகுலைந்து, மாநிலம் மாநிலமாக இருண்டது. கோடிக்கணக்கான மக்கள் தவித்தார்கள். கால்வாய் வெட்டினால் போதாது, மதகையும் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டும் என்பதை அது காட்டியது.

1948-ம் ஆண்டுச் சட்டம் இன்று இல்லை. 2003-ல் புதிய சட்டம் வந்தது. தமிழ்நாடு மின்சார வாரியமும் 2010-ல் தனித்தனிக் கம்பெனிகளாகப் பிரிந்தது. பழைய கம்பிகளை மாற்றவும், புதுவகை மீட்டர்கள் பொருத்தவும் 2021-ல் மத்திய சர்க்கார் 3 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் திட்டம் போட்டது. மின்சாரம் யார் கையில் இருக்க வேண்டும் என்ற விவாதமும் ஓயவில்லை.

கம்பி மாறலாம். மீட்டர் மாறலாம். சட்டமும் மாறலாம். எந்தத் திட்டம் வந்தாலும், அதை நிறுத்துப் பார்க்க அம்பேத்கார் ஒரு தராசை விட்டுச் சென்று இருக்கிறார். ஏழையின் வீட்டுக்கு மின்சாரம் வருகிறதா? அவன் கொடுக்கக்கூடிய விலையில் வருகிறதா? இந்த இரண்டுக்கும் ஆம் என்று விடை வந்தால், அது நல்ல திட்டம்.